வண்டி ஆடுதா? சக்கரத்தைப் பாருங்க!



கடன் எடுத்து குட்டியானை, வேன், கார் வாங்கி வாடகைக்கு விடுகிற குழுக்களில் டீசல் கணக்கு கேட்கிறோம், வாடகைக் கணக்கு கேட்கிறோம். டயர் விஷயம் வந்தால் மட்டும் “அதை டிரைவர் பார்த்துப்பாரு” என்று விட்டுவிடுகிறோம். ஆனால் டயர் சீக்கிரம் தேய்ந்தால் புது டயர் காசு நம் தவணைப் பணத்திலிருந்துதானே போகும்?

வீட்டில் ஃபேன் றெக்கை ஒன்று கொஞ்சம் வளைந்தாலும் மொத்த ஃபேனும் ஆடும், பார்த்திருப்பீர்கள். சக்கரமும் அப்படித்தான். சுற்றிலும் எடை ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பக்கம் வெறும் 30 கிராம் கூடினால் என்ன ஆகும்? குட்டியானை மாதிரி சின்னச் சக்கரம் 60 கி.மீ. வேகத்தில் செகண்டுக்கு 10 தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த 30 கிராம் ஏறக்குறைய 2 கிலோ கனத்தோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு! அதனால்தான் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது, மெயின் ரோட்டில் ஏறியதும் ஆட்டம் ஆரம்பிக்கும். ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட் அதிர்ந்தால் பின் சக்கரம். “ரோடு சரியில்லை” என்று டிரைவர் சொன்னால், நல்ல ரோட்டிலும் ஆடுதா என்று கேளுங்கள்.

இதைச் சரிசெய்வதுதான் வீல் பேலன்சிங். சக்கரத்தைக் கழற்றி மெஷினில் சுற்றவிடுவார்கள். உள்பக்கம், வெளிப்பக்கம் எத்தனை கிராம் குறைகிறது என்று மெஷினே நம்பரில் காட்டும். அந்த இடத்தில் ரிம்மில் ஈயம் அல்லது இரும்புத் துண்டை மாட்டுவார்கள். மாட்டின பிறகு இன்னொரு தடவை சுற்றச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் 0 வரணும். இதைப் பார்க்க மெக்கானிக் படிப்பு வேண்டாம். தராசு பார்க்கத் தெரிந்த நமக்கு இது பெரிய விஷயமா?

நம்ம ஊருக்கென்று ஒன்று உண்டு. வயல் சேறு ரிம்மின் உள்பக்கம் ஒட்டிக் காய்ந்திருந்தால் அதுவே எடைதான். கடைக்குப் போகும் முன்னே கழுவிவிடுங்கள். சேற்றோடு பேலன்ஸ் செய்தால், பிறகு சேறு உதிர்ந்ததும் கணக்கு தப்பிப்போகும். பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்திருந்தால் எடை மாட்டி மட்டும் சரியாகாது, ரிம்மையும் பார்க்கணும்.

பலரும் குழப்பிக்கொள்வது அலைன்மென்ட். அது வேறு வேலை. சக்கரங்கள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். அங்கங்கே திட்டுத்திட்டாகத் தேய்ந்தால் பேலன்சிங் போயிருக்கலாம், ஷாக் அப்சார்பரும் போயிருக்கலாம். இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் “வீல் வேலை” என்று மொத்தமாக எழுதியிருந்தால் எது செய்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

புது டயர் போட்டால் பேலன்சிங் கட்டாயம். பஞ்சருக்காக டயரை ரிம்மிலிருந்து கழற்றினாலும் செய்துவிடுவது நல்லது. மற்றபடி 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை போதும். செய்த அன்றைக்கு மீட்டர் எத்தனை என்று வண்டிக் கணக்கு நோட்டில் எழுதி, பில்லையும் ஒட்டுங்கள். சக்கரம் மாட்டி 50 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்க்க டிரைவரிடம் சொல்லுங்கள்.