சுவர் விளம்பரச் சித்திரம்: யோசனை பிறக்கும் விதம்

கூட்டுறவுச் சங்கமொன்று சுவரில் ஒட்டுவதற்கு விளம்பரச் சித்திரம் வேண்டுமென்று கருதினால், அதன் காரியதரிசி சித்திரம் பயிலும் மாணவர் ஒருவரை அழைத்து, ‘சங்கத்தைப் பற்றி நல்லதாக ஒரு படம் எழுதிக் கொடுங்கள்’ என்று கூறுவதே பெரும்பாலும் நடக்கிறது. ஒரு வாரத்தில் படம் வந்து சேரும். அதில் குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள் இருக்கும். பின்னால் சூரியன் உதிக்கும். ஒரு புறம் நெற்கதிரும் மறு புறம் பற்சக்கரமும் காணப்படும். எழுதிய விதத்தில் குற்றம் கூற இடமிராது. ஆயினும் அதைக் கண்டு ஒருவரும் ஒரு காரியமும் செய்யமாட்டார். தமிழ்நாட்டில் சூரியனும் கையும் கட்சிச் சின்னங்களாகவும் விளங்குவதால், தேர்தல் விளம்பரமென்று எண்ணி அப்பால் செல்வோரும் உண்டு.

இதற்கு மாணவரைக் குறை கூறுவது நியாயமாகாது. யோசனை பிறப்பதற்கு வேண்டிய மூலப்பொருளை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. இடத்தையும் தொழிலையும் மனிதரையும் நேரில் கண்டு, கண்டவற்றுள் வேண்டாதவற்றைத் தள்ளிக்கொண்டே வந்தால் இறுதியில் மிஞ்சுவது எதுவோ அதுவே யோசனை. அது பிறக்கும் விதத்தைச் சங்க அங்கத்தினர்களும் ஓரளவு அறிந்திருப்பது அவசியம்; பணம் கொடுத்துப் படம் வாங்குகிறவர்கள் அவர்களே. சென்னையின் வடபாகத்தில் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீண்டு கிடக்கும் துறைமுகக் கரையை வைத்து இவ்விஷயத்தை விளக்குவது எளிது.

திருவொற்றியூரில் ‘விம்கோ நகர்’ என்னும் பெயரால் ஓர் இரயில் நிலையமும், 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதம் முதல் ஒரு மெட்ரோ இரயில் நிலையமும் இருக்கின்றன. 1923-ல் ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டி வியாபாரிகள் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மாச் கம்பெனியின் சுருக்கப் பெயரே விம்கோ என்பது. அதன் தொழிற்சாலைகளுள் ஒன்று திருவொற்றியூரில் ஏற்பட்டது. ஏறக்குறைய அதே சமயத்தில், சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தெற்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். விம்கோ பெட்டிகளில் கப்பல் அடையாளம் பேர்பெற்றது. எழுத்தறியாதவரும் கம்பெனியின் பெயரைக் கூறாமல் படத்தைக் கூறியே கடையில் பெட்டி கேட்டு வாங்கினர். இரண்டு அங்குல அட்டையில் ஒரே ஓர் உருவம், ஒரே ஒரு பெயர். அவ்வளவில் வியாபாரம் நடந்தது.

தீப்பெட்டிப் படத்தை வேடிக்கைப் பொருளென்று மாணவர் ஒதுக்கலாகாது. அதிலே ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. சாதாரணமாக ஒட்டப்படும் விளம்பரத்தாள் 20 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் உள்ளது. அதை 30 அடி தூரத்தில் நின்று நோக்கினால், 2 அடி தூரத்தில் கையில் பிடித்த 2 அங்குலத் தீப்பெட்டி எவ்வளவு பெரிதாகத் தோன்றுமோ அவ்வளவே தோன்றும். தெருவில் செல்பவன் விளம்பரத்தைத் தாளின் அளவில் காண்பதில்லை. தீப்பெட்டியின் அளவிலேயே காண்கிறான். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் யுத்த இலாகாவுக்கு விளம்பரச் சித்திரங்கள் எழுதிப் புகழ்பெற்ற ஏப்ரஹாம் கேம்ஸ் என்பவர் பெரிய தாளில் வேலையைத் தொடங்குவதே இல்லை. ஓர் அங்குல உயரத்தில் விளங்காத யோசனை எந்த உயரத்திலும் விளங்காது என்பது அவருடைய கொள்கை.

ஆகவே மாணவர் முதலில் செய்யவேண்டிய காரியம், ஒரு தாளில் தீப்பெட்டி அளவுள்ள கட்டங்கள் இருபது வரைந்துகொண்டு, கட்டத்துக்கு ஒரு யோசனையாக எழுதி நிரப்புவது. முதல் ஐந்தாறு கட்டங்களில் கைகுலுக்கலும் சூரியனும் தாமாகவே வந்து உட்காரும். அவை எல்லார் மனத்திலும் மேலாக மிதப்பவை. அவற்றை எழுதித் தீர்த்துவிடுவது நல்லது. எழுதாமல் அடக்கினால் அவை கடைசி வரையில் தொந்தரவு செய்யும். பத்தாவது கட்டத்துக்குமேல் மாணவர் திகைத்து நிற்பார். அப்போது நாற்காலியை விட்டு எழுந்து வெளியே செல்லவேண்டும்.

காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்துக்கு விடியுமுன் சென்றால் ஏலம் நடப்பதைக் காணலாம். எண்ணூர்க் கழியில் இருளர்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து, பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதைக் காணலாம். கூடையைப் பல்லால் கடிக்கும் விவரம் அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஒருநாளும் தோன்றாது. இத்தகைய விவரங்களைச் சிறு புத்தகத்தில் அவ்வப்போது எழுதிக்கொண்டு வருபவர்க்கே பதினோராவது கட்டம் நிரம்பும். அனுமதி கேட்டுக்கொண்டு எழுதுவது மரியாதை. வேலை செய்கிறவர்கள் தங்களைக் காட்சிப் பொருளாக நினைப்பதை விரும்புவதில்லை.

அடுத்தபடி, கண்டவற்றைக் குறைத்தல். 1850-ல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் தொடங்கிய சித்திரப் பள்ளியே இன்று சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. 1929 முதல் அதன் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி சமைத்த உழைப்பாளர் சிலை, 1959 முதல் மெரினாக் கடற்கரையில் நிற்கிறது. அதில் நால்வர், அவர்கள் பெயர்க்க முயலும் ஒரு பாறை. மேஸ்திரி இல்லை, கட்டடம் இல்லை, கொடியும் இல்லை. பாறையின் பாரம் காண்பவரின் தோளில் ஏறுகிறது. சிலை வேறு, விளம்பரம் வேறு என்பது மெய்யே. ஆயினும் எதை விடுவது என்பதை மாணவர் அங்கே சென்று ஒரு மணி நேரம் நின்று கற்கலாம்.

இனி ஓர் உதாரணம். 2017-ம் வருஷம் ஜனவரி மாதம் 28-ந் தேதி விடியற்காலையில், எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கப்பலின் எரியெண்ணெய் கடலிற் கலந்து கரையில் ஒதுங்கிற்று. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கற்களுக்கிடையே அது குழம்பாகத் தேங்கியது. இயந்திரங்கள் போதிய பயன் தராத இடங்களில், மீனவரும் மாணவரும் சிப்பந்திகளும் வாளியால் அதை மொண்டு கைமாற்றி அகற்றினர். மீனவர் பல நாள் தொழிலுக்குப் போக இயலவில்லை.

இதைக் குறித்துப் படம் எழுத ஒரு மாணவர் முற்படுகிறார் என்று கொள்க. முதற் கட்டத்தில் மோதும் கப்பல்கள், கறுத்த கடல், இறந்த ஆமை, அழும் மீனவர், ‘கடலைக் காப்போம்’ என்னும் வாசகம் எல்லாம் இருக்கும். தீப்பெட்டி அளவில் அது ஒரு கறுப்புக் கறையாகவே தெரியும். ஆமையை நீக்கினால் சிறிது தெளியும். கப்பலை நீக்கினால் மேலும் தெளியும். இறுதியில் வெள்ளைத் தாளில் ஒரு வாளியும், அதன் விளிம்பிலிருந்து வழியும் கறுப்பும் மிஞ்சக்கூடும். வீட்டில் தண்ணீர் மொள்ளும் அதே பிளாஸ்டிக் வாளி. கப்பல் கக்கியதை அள்ள அதுதான் கிடைத்தது என்னும் செய்தி வாசகமில்லாமலே விளங்கிவிடுகிறது.

ஆனால் வாளியைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. இங்கேதான் சங்கத்தார் குறுக்கிடவேண்டும். அப்படம் யாருக்கு? நகரத்து ஜனங்களுக்கு நடந்ததை நினைவூட்டுவதாயின் வாளி மிகப் பொருத்தம். நஷ்டஈட்டு மனு கொடுக்கவேண்டிய சங்க அங்கத்தினருக்கோ வாளியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தங்கள் கையால் அள்ளிய எண்ணெயைத் தங்களுக்கே காட்டுவானேன்? அவர்களுக்கு வேண்டியவை தேதி, இடம், எடுத்துவரவேண்டிய பத்திரங்கள் ஆகிய மூன்றே. அங்கே எழுத்துத்தான் சித்திரம். படகின் பதிவு எண் தெரியும்படி அதன் முகப்பை மட்டும் எழுதி, ‘இந்த எண்ணை எழுதி வாருங்கள்’ என்றால் போதும்.

மூன்றாவது வாசகர், மீன் வாங்க அஞ்சும் குடும்பத்தார். இவ்விடத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். விற்பனை விழுந்துவிட்ட கவலையில், ‘எண்ணூர் மீன் ஒரு கெடுதலும் செய்யாது’ என்று எழுதும்படி சங்கத்தார் மாணவரை வற்புறுத்தக்கூடும். பரிசோதனை முடிவு கைக்கு வருமுன் அப்படி எழுதுவது பொய்யாக முடியலாம். ஒருவர் நோயுற்றாலும் சங்கத்தின் பெயர் பல வருஷங்களுக்கு எழும்பாது. அதைக் காட்டிலும், மீன் பிடிபட்ட இடத்தையும் நாளையும் எழுதிய சிறு பலகை கூடைமேல் இருப்பதாகப் படம் எழுதி, சந்தையில் அப்படியே பலகை வைத்தும் விற்றால், வாங்குபவர் தாமே தீர்மானித்துக்கொள்வர். சங்கம் நடைமுறையில் செய்யச் சித்தமாயில்லாத ஒன்றை விளம்பரத்தில் காட்டக் கூடாது. மாணவர்கள் இதைத் தைரியமாக எடுத்துக் கூறலாம்.

2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தை அடைந்தது. படகுகளும் வலைகளும் கறுத்தன. வெள்ளம் வடிந்தபின் வீட்டுச் சுவர்களில் எண்ணெய்க் கோடு படிந்து நின்றது. மறுபடியும் வாளியையே எழுதுவது சோம்பேறித்தனம். அந்தக் கோட்டையே தாளின் குறுக்கே அச்சிட்டு, வெள்ளம் நின்ற உயரத்தில் கோடு வரும்படி சுவரில் ஒட்டினால், அருகில் நிற்பவர் தம் இடுப்போடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். ஒட்டும் இடமும் யோசனையின் பகுதி என்பதை இதனால் அறியலாம்.

எழுத்தைப் பற்றிச் சிறிது. பெயர்ப்பலகை எழுதுவோர் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்று கணக்கு வைப்பது வழக்கம். 30 அடிக்கு 3 அங்குலம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 20 அங்குல அகலத்தில் அவ்வளவு பெரிய எழுத்து ஏழெட்டுக்குமேல் அடங்காது. ஆதலால் தலைப்பு வாசகம் இரண்டு மூன்று சொற்களில் முடியவேண்டும். ணு, ளு, மூ முதலிய எழுத்துக்களின் சுழிகள் மை தடித்தால் அடைபட்டுவிடும். அவற்றை அகலத் திறந்து எழுதுக. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல்லும் தனிச் செலவும் இருந்தபடியால் பழைய சித்திரக்காரர் இரண்டு மூன்று நிறங்களில் சிக்கனமாக முடித்தனர். இக்காலத்து அச்சில் எத்தனை நிறமும் ஒரே செலவுதான். அந்தத் தாராளத்தால் படங்கள் கெட்டிருக்கின்றனவே ஒழிய மேம்பட்டதாகத் தெரியவில்லை.

படம் வந்ததும் பஞ்சாயத்தார் மேஜைமேல் வைத்துப் பார்த்து அபிப்பிராயம் கூறுவது பயனற்றது. எதிர்ச்சுவரில் ஒட்டி, விஷயம் அறியாத ஒருவரை 30 அடிக்கு அப்பால் நிறுத்தி, ஐந்து எண்ணும் வரை காட்டி மறைத்து, ‘என்ன சொல்கிறது?’ என்று கேட்கவேண்டும். அவர் படத்திலிருந்த பொருள்களை வரிசையாகச் சொன்னால் மாணவர் மறுபடியும் கட்டங்களுக்குத் திரும்பவேண்டும். தாம் செய்யவேண்டிய காரியத்தைச் சொன்னாரானால் அச்சுக்கு அனுப்பலாம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் ஆணிகள் துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கும், பசையே தக்கது. தேதி குறித்த விளம்பரங்களை அத்தேதி கழிந்த மறுநாளே கிழித்தெடுக்கும் பொறுப்பை அங்கத்தினருள் ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைத்து, அதை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது நலம்.