நூலகக் கணினிக்கு எந்தத் தரவுத்தளம்?

எங்கள் வீட்டில் பாடநூல் தவிர வேறு நூல் இருந்ததில்லை. கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். ஆகவே நூலகமே எனக்கு வீட்டு அலமாரி. சென்ற கோடை விடுமுறையில் நம் நூலகர் அவர்களுக்கு உதவியாக, அக்செஷன் பதிவேட்டைப் பார்த்து நூல் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வாய்ப்புக் கிட்டியது. அதே வேலையைச் சில ஆண்டுகட்கு முன்பே ஒருவர் வேறொரு மென்பொருளில் செய்து முடித்திருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்தக் கோப்பு இன்றும் இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை!

நூலக மென்பொருளில் நாம் திரையில் காண்பது மேல்தளம். விவரங்கள் உறைவது அடியிலுள்ள தரவுத்தளத்தில். அதற்கு இரண்டு வேலைகள்; இரண்டும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை.

நூல் வழங்குவது ஒன்று. இன்னார், இன்ன நூல், இன்ன நாள் என்று கட்டம் கட்டமாக எழுதிவிடலாம். 1970இல் எட்கர் காட் வகுத்த அட்டவணை முறை இதற்கு மிகப் பொருந்தும். ஒரே பிரதியை இரு மேசைகளில் ஒரே நொடியில் இருவருக்குப் பதிந்துவிடாமல் காப்பதும் தரவுத்தளத்தின் பொறுப்பே.

நூலின் விவரமோ கட்டத்துக்குள் அடங்காது. ஒரு நூலுக்கு ஆசிரியர் ஒருவர், மற்றொன்றுக்கு மூவர், வேறொன்றுக்குப் பதிப்பாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் உண்டு. யுனெஸ்கோ நிறுவனம் நூலகங்களுக்கு இலவசமாக அளித்த சி.டி.எஸ்./ஐசிஸ் மென்பொருள், ஒரே புலம் பலமுறை வருவதை இயல்பாக ஏற்றது. பட்டியலுக்கு அது நல்ல துணை. வழங்கலுக்கு அவ்வளவாக ஏற்றதன்று.

நியூசிலாந்தில் 1999இல் உருவாகி, 2000 ஜனவரியில் ஹோரோவெனுவா நூலகத்தில் இயங்கத் தொடங்கிய 'கோஹா' இரண்டையும் இணைக்கிறது. (மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு, அது விலையின்றிக் கிடைப்பதே.) மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி அதன் அடித்தளம். இன்று அதில் வழங்கல் அட்டவணைகளில் நிற்கிறது. நூல் விவரம் 'மார்க்' பதிவாக முழுமையாக ஓரிடத்தில் இருக்கிறது. தேடுவதற்குத் தனிச் சுட்டி.

தமிழ் நூல்களுக்கு மற்றொரு சோதனையும் வேண்டும். யூனிகோடு எண்வரிசைப்படி மட்டும் அடுக்கினால் 'ன' என்னும் எழுத்து 'ல'வுக்கு முன் வந்துவிடும். மனோன்மணீயம் முந்தி, மலைபடுகடாம் பிந்தி நிற்கும். நம் அகரவரிசையிலோ மலைபடுகடாமே முன். எனவே தமிழ் வரிசையறிந்து அடுக்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வேகத்தையும் விலையையும் விசாரிக்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றே: உள்ளே போட்டதை வெளியே எடுக்க முடியுமா? ஐ.எஸ்.ஓ. 2709 என்னும் பொது வடிவில் எடுக்க முடிந்தால் வேறு மென்பொருளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதுவரை நான் ஏற்றியவை 1,140 நூல்கள். சனிக்கிழமைதோறும் அந்த வடிவில் நகலெடுத்து நூலகர் அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.