பட்டியலில் இல்லாத வீடு



இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்களும் வீட்டுவசதிச் சங்கங்களும் சந்தை விலையினும் குறைந்த வாடகைக்கு விடும் குடியிருப்புகள் சமூக வீடுகள் எனப்படும்; இலண்டன் தமிழர் பேச்சில் அவை ‘கவுன்சில் வீடு’. ஆயிரக்கணக்கான வீடுகளை உடைய ஒரு சங்கம் அவற்றின் பாதுகாப்பைக் கண்ணால் கண்டு அறிவதில்லை. பதிவேட்டின் வழியாகவே அறிகிறது என்பதால், பதிவேட்டில் விழும் ஓட்டை வீட்டிலேயே விழுந்த ஓட்டையாகிவிடுகிறது.

எரிவாயுச் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். வாடகை வீட்டில் உரிமையாளர் பொருத்திய பாய்லர் முதலிய எரிவாயுக் கருவிகளைப் பதிவுபெற்ற பொறியாளர் 12 மாதங்களுக்கு ஒருமுறை சோதித்துச் சான்று தரவேண்டும் என்பது 1998ஆம் ஆண்டு விதி. 10,000 வீடுகளில் 9,980 வீடுகளுக்குச் சான்று இருப்பின் இணக்கம், அதாவது விதிக்கு உட்பட்டிருக்கும் அளவு, 99.8 விழுக்காடு என அறிக்கை கூறும். பள்ளிக் கணக்கின் மொழியில் 9,980 தொகுதி, 10,000 பகுதி. மேலாளர்களின் கவலையெல்லாம் தொகுதியைச் சுற்றியே இருக்க, பகுதியை எவரும் ஐயுறுவதில்லை. பட்டியலிலேயே ஏறாத வீடுகள் 40 இருந்தால் உண்மை அளவு 99.4 ஆகக் குறைகிறது என்பது சிறிய செய்தி. தவணை கடந்த 20 வீடுகளையேனும் யாரோ ஒருவர் துரத்திக்கொண்டிருக்க, அந்த 40 வீடுகளின் கதவை எந்தப் பொறியாளரும் தட்டப்போவதில்லை என்பதே பெரிய செய்தி.

இரண்டு சங்கங்கள் இணையும்போதும், காவலாளியின் அறை தனி வீடாக மாறும்போதும், மின்சூடாக்கி உள்ளது எனப் பதிந்த வீட்டில் பின்னாளில் பாய்லர் பொருத்தப்படும்போதும் வீடுகள் இவ்வாறு நழுவுகின்றன. வெற்றுக் கட்டத்தைக் கணினி ‘தேவையில்லை’ என்று பொருள்கொள்ளுமாறு அமைத்துவிடுவது இதனினும் கொடிது. ‘உண்டு’, ‘இல்லை’ என்பவற்றோடு ‘தெரியவில்லை’ என்னும் மூன்றாம் விடைக்கும் இடமளிக்கும் பதிவேடே நேர்மையானது. சான்றுப் பட்டியலை வாடகைப் பட்டியலோடு ஒப்பிடுவது நல்ல பரிகாரம், ஏனெனில் வாடகை வசூலில் ஒரு வீடு விடுபடுவது அரிது! பிரிட்டனில் ஒவ்வொரு முகவரிக்கும் 12 இலக்கங்கள் வரையுள்ள தனித்த அடையாள எண் உண்டு. ஒரே வீடு ஓரிடத்தில் ‘பிளாட் 3’ என்றும் மற்றோரிடத்தில் ‘3ஏ’ என்றும் எழுதப்பட்டிருந்தாலும் அவ்வெண் இரண்டையும் இணைத்துவிடும்.

வீடுகளின் பட்டியலைப் போலவே கட்டடத்தின் விவரமும் விடுபடாதிருக்கவேண்டும். 2017 ஜூன் 14 அன்று இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் பற்றிய தீயில் 72 பேர் உயிரிழந்த பின், அரசுக்காகக் கட்டட விதிகளை ஆராய்ந்த ஜூடித் ஹாக்கிட் 2018இல் அளித்த அறிக்கை ‘பொன்னிழை’ என்னும் கருத்தை முன்வைத்தது. கட்டடம் எதனால், எவ்வாறு கட்டப்பட்டது, பின்னர் எங்கே மாற்றப்பட்டது என்னும் விவரம் அதன் வாழ்நாள் முழுதும் அறாமல் தொடரவேண்டும் என்பது அதன் பொருள். குறைந்தது 18 மீட்டர் அல்லது 7 மாடி உயரமுள்ள குடியிருப்புகளுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது.

சான்றுகள் உரிமையாளர் சொல்வது; புகார்கள் குடியிருப்பவர் சொல்வது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பூஞ்சை படர்ந்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். பூஞ்சையைப் பற்றித் தந்தை 2017இலேயே முறையிட்டிருந்தார். அக்குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அவசர ஆபத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்கவேண்டும், ஈரமும் பூஞ்சையும் கடுமையாக இருந்தால் 10 வேலைநாளுக்குள் ஆராயவேண்டும். இக்கெடு, செய்தி உரிமையாளருக்குத் தெரியவந்ததிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆகவே தொலைபேசியை எடுத்த ஊழியர், படுக்கையறைச் சுவரின் கறுப்புத் திட்டைச் ‘சுவர்ப் பூச்சு’ என்ற தலைப்பின்கீழ்ப் பதிந்துவிட்டால், சங்கத்தின் திரையில் எந்த எச்சரிக்கையும் எழாது. நாள்கள் மட்டும் கழிந்துகொண்டிருக்கும்.