உம்மம்மாவின் குளிசை டின்

எங்கள் உம்மம்மாவின் கட்டிலருகே ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். மாதக் கிளினிக்கில் கொடுக்கும் மூன்று வகைக் குளிசைகளும் அதற்குள்தான். மூன்றுக்கும் அவர் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: பிரஷர் குளிசை. போன நோன்பில், பகலில் குடிக்க ஏலாதே என்று காலைக் குளிசை, இரவுக் குளிசை எல்லாவற்றையும் சேர்த்து ஸஹருக்குக் குடித்துவிட்டார். அன்று அஸருக்கு வுழூ எடுக்க எழும்பியவர் தலை சுற்றிக் கிணற்றடியில் விழுந்தார். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். ஏன் விழுந்தார் என்று உயிரியல் கொப்பியைப் புரட்டித் தேடியபோது விளங்கியதை எழுதுகிறேன்.

குருதியமுக்கத்தை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு குருதியை வெளியே தள்ளுகிறது என்பது ஒன்று. சிறு நாடிகள் அதற்கு எவ்வளவு தடை கொடுக்கின்றன என்பது மற்றது. பூமரங்களுக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயை விரலால் அழுத்தினாலும் அமுக்கம் ஏறும். பைப்பைக் கூடத் திறந்தாலும் ஏறும். பிரஷர் குளிசைகள் யாவும் இந்த இரண்டில் எங்கேயோதான் கை வைக்கின்றன.

முதலாவது ஹைட்ரோகுளோரோதையசைட். வீட்டில் 'தண்ணிக் குளிசை' என்போம். சிறுநீரகத்தியின் சேய்மை மடிந்த குழாயில் சோடியம் மீண்டும் உறிஞ்சப்படுவதை இது தடுக்கிறது. உப்பு வெளியேற, தண்ணீரும் அதன் பின்னால் போகிறது. உப்பளமும் கருவாட்டு வாடியும் உள்ள மன்னாரில் இதைச் சொல்லத்தான் வேண்டும்: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. கருவாட்டு ஆணத்தோடு தண்ணிக் குளிசை குடிப்பது, ஓட்டை வாளியை இறைத்துக்கொண்டே ஓட்டையைப் பெரிதாக்குவது போல.

இரண்டாவது அம்லோடிபின். நாடிச் சுவரிலுள்ள மழமழப்பான தசை சுருங்குவதற்குக் கல்சியம் அயன்கள் உள்ளே வரவேண்டும். இந்தக் குளிசை அந்த வாசலை அடைக்க, தசை தளர்ந்து நாடி விரிகிறது. சிலருக்குக் கணுக்கால் வீங்குவதும் இதனால்தான். குருதியில் இதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணித்தியாலம் செல்லும். "இண்டைக்குத் தலையிடி இல்லை, குளிசை வேணாம்" என்று உம்மம்மா விட்ட நாட்களில் அவரைக் காப்பாற்றியது முந்தின நாள் குளிசையே. உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் தலையிடி தந்து அறிவிப்பதில்லை.

மூன்றாவது லொசார்டன். உடலில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும். அதன் வழியாக அன்ஜியோடென்சின் உருவாகி நாடிகளை இறுக்கும். அந்த அன்ஜியோடென்சின் வந்து பொருந்தும் இடத்தை லொசார்டன் பிடித்துக்கொள்கிறது. இதே வழியை வேறோர் இடத்தில் மறிக்கும் கப்டொப்ரில் என்ற மருந்து, பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. இந்த இரு வகையும் வயிற்றிலுள்ள சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கருத்தரித்தவர்கள் குடிக்கக் கூடாது. "எனக்கு நல்லாக் கேட்டிச்சு" என்று பக்கத்து வீட்டு மகளுக்கு ஒன்றை எடுத்துக் கொடுக்கும் நம்மூர்ப் பரிவு இங்கேதான் ஆபத்தாகிறது.

இனிக் கிணற்றடிக்கு வருவோம். பங்குனி வெயில், பகல் முழுவதும் ஒரு மிடறு தண்ணீர் இல்லை. இருந்த நீரையும் முதற்குளிசை வெளியேற்றிவிட்டது. எழுந்து நிற்கும்போது குருதி கால்களில் தேங்கும். உடனே நாடிகள் இறுகி மூளைக்குக் குருதியை அனுப்ப வேண்டும். இறுகுவதை இரண்டாவது தளர்த்தியிருந்தது, இறுகச் சொல்லும் கட்டளையை மூன்றாவது மறித்திருந்தது. குளிசைகள் தம் வேலையைச் சரியாகவே செய்தன. நேரம்தான் பிழைத்தது.

"ஒன்று போதாதா, ஏன் மூன்று?" என்பது உம்மாவின் கேள்வி. இதற்கு நம் நாட்டிலேயே பதில் கிடைத்திருக்கிறது. இலங்கைக் கிளினிக்குகளில் 700 நோயாளர்களைக் கொண்டு நடந்து, 2018 இல் வெளியான ஆய்வொன்றில், டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் ஆகிய மூன்றையும் வழமையான அளவில் பாதியாக ஒரே குளிசையில் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 70 சதவீதமானோர் இலக்கை அடைந்தனர். வழமையான சிகிச்சை பெற்றோரில் 55 சதவீதம். மூன்று இடங்களில் மெதுவாகத் தள்ளுவது ஓரிடத்தில் பலமாகத் தள்ளுவதை விட நன்று போலும்.

பெரியவாப்பாவின் அடெனொலோல் வேறு வகை. அட்ரினலினின் கட்டளையை இதயத்தில் மறித்துத் துடிப்பைக் குறைக்கும். அதைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் வேகமெடுத்து, நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். நோன்புக்காக ஒரு மாதம் விடக்கூடிய குளிசை அல்ல அது.

இம்முறை ஷஃபான் மாதத்திலேயே உம்மா கிளினிக் கொப்பியோடு உம்மம்மாவைக் கூட்டிப் போனார். டொக்டர் நேரங்களை மாற்றி, தண்ணிக் குளிசையை நோன்பு திறந்த பிறகு குடிக்கச் சொன்னார். தலை சுற்றினால் நோன்பை விட்டுவிட்டு உடனே வரச் சொன்னார். நான் ஒவ்வொரு பையிலும் பெரிய எழுத்தில் நேரத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். உம்மம்மா அதை வாசிப்பதில்லை. மஃரிபுக்குப் பிறகு டின்னைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்.