தனிமை வார்டு: நோயைப் பிரி, ஆளைப் பிரியாதே

இந்த மாதப் படிப்பு வட்டத்தின் தலைப்பு, ஆஸ்பத்திரியில் இருக்கும் தனிமைப்படுத்தும் வார்டு. "இதெல்லாம் டாக்டருங்க படிக்க வேண்டியது, நமக்கு எதுக்கு?"ன்னு சிலர் கேக்கலாம். நம்ம வீட்டில் ஒருத்தருக்கு ஆபத்தான தொற்று நோய் வந்தால், அவரை உள்ளே அனுப்பிட்டு வெளியே நிக்கப் போறது நாமதான். உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாததால பயம் வருது. பயத்தால நோயை மறைக்கிறோம். மறைக்கிறதால அது வீட்டில் உள்ள மத்தவங்களுக்கும் பரவுது.

1. பக்கத்து மாநிலத்தில் நடந்தது

லிங்கி ஆற்றைத் தாண்டினால் நெகிரி செம்பிலான். அங்கே போர்ட்டிக்சன் வட்டாரத்தில் இருக்கிறது புக்கிட் பெலாண்டோக். 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் தொடங்கிய ஒரு மூளைக்காய்ச்சல், ஆண்டு கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது. முதலில் இதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் கணக்கு உதைத்தது. அந்த நோய் அதிகமாகத் தாக்குவது பிள்ளைகளை. இங்கே விழுந்தவர்களோ பெரும்பாலும் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரிய ஆம்பளைங்க. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள்.

1999 மார்ச்சில், மலாயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங் இது ஒரு புதிய வைரஸ் என்று கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அதற்கு 'நிப்பா' என்று பெயர் வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் சீனர்கள். பண்ணைகளில் கூலி வேலை செய்த நம்மவர்களும் அதில் உண்டு. 10 லட்சம் பன்றிகளுக்கு மேல் அழிக்கப்பட்டன.

அப்போது நோய் பன்றியிடமிருந்துதான் மனிதருக்கு வந்தது. பராமரித்த மருத்துவமனை ஊழியர்களிடம் பெரிய அளவில் பரவவில்லை. ஆனால் நிப்பாவில் இன்னொரு ரகம் இருக்கிறது. அது ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவும். அதைக் கேரளா பார்த்தது.

2. கோழிக்கோடு, 2018

2018 மே மாதம் கேரளாவின் கோழிக்கோடு மாவட்டத்தில் முதல் நோயாளி, என்ன நோய் என்று தெரியும் முன்பே இறந்துவிட்டார். பிறகு நோய் கண்ட பலருக்கு அது தொற்றியது ஆஸ்பத்திரியில்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், கூட வந்த சொந்தக்காரர், நடைபாதையில் காத்திருந்தவர் என்று போனது. மொத்தம் 19 பேரில் 17 பேர் இறந்தார்கள்.

அந்த 17 பேரில் ஒருவர் பேராம்பரா தாலுகா ஆஸ்பத்திரியின் தாதி லினி. முதல் நோயாளியைக் கவனித்தவர். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். மே 21-ஆம் தேதி இறந்தார். வெளிநாட்டில் வேலை பார்த்த கணவருக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். உடலை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் உடனே எரியூட்டினார்கள்.

நோய் இன்னதென்று தெரிந்ததும் நோயாளிகளைத் தனியாக வைத்தார்கள். அவர்களோடு பழகிய 2,000-க்கும் மேற்பட்டவர்களைத் தேடிக் கண்காணித்தார்கள். ஜூன் மாதத்தில் பரவல் அடங்கியது. நிப்பாவுக்கு அன்றைக்குத் தடுப்பூசி கிடையாது. அதைக் கட்டிப்போட்டது, பிரித்து வைத்ததும் தொடர்புகளைத் தேடியதும்தான்.

3. அறை எப்படி வேலை செய்யுது?

இது நம்ம பொறியியல் பாடம். எல்லா நோய்க்கும் ஒரே மாதிரி அறை தேவையில்லை. தொட்டால் பரவும் நோய், இருமும் துளியில் பரவும் நோய், காற்றிலேயே மிதந்து பரவும் நோய் என்று மூணு வகை. நிப்பா முதல் இரண்டு வகை. காசநோயும் தட்டம்மையும் மூணாவது வகை. இந்த மூணாவது வகைக்குத்தான் 'எதிர் அழுத்த அறை' கண்டிப்பாகத் தேவை.

அதன் தத்துவம் எளிது. அறைக்குள் போகும் காற்றைவிட விசிறி இழுத்து வெளியேற்றும் காற்று அதிகம். அதனால் அறையின் அழுத்தம் நடைபாதையைவிடக் கொஞ்சம் குறையும். கதவைத் திறந்தால் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. தேவையான வித்தியாசம் குறைந்தது 2.5 பாஸ்கல். காற்று மண்டல அழுத்தம் சுமார் 1,01,325 பாஸ்கல். அதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குதான் இது! கதவிடுக்கில் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தால், அது உள்பக்கம் சாயணும். சாயலைன்னா அறை வேலை செய்யலைன்னு அர்த்தம். கதவைச் சும்மா திறந்து வைத்தாலே இந்த வித்தியாசம் போய்விடும். தாதிமார் "கதவைச் சாத்துங்க"ன்னு அதட்டுறது இதனால்தான்.

புதிய அறைகளில் ஒரு மணி நேரத்துக்கு 12 தடவை காற்று மாறணும். 'அப்போ 5 நிமிஷத்தில் எல்லாம் சுத்தமாயிடும்'னு நினைக்காதீங்க. புதுக் காற்று பழையதோடு கலந்துகொண்டே இருப்பதால், 5 நிமிஷத்துக்குப் பிறகும் கிட்டத்தட்ட 37 விழுக்காடு பழைய காற்று மிச்சமிருக்கும். 99 விழுக்காடு வெளியேற சுமார் 23 நிமிஷம் ஆகும். நோயாளி போன உடனே அடுத்தவரை உள்ளே விடாமல் காக்க வைப்பது இதற்காகத்தான்.

அடுத்தது கவச உடை. போடுவதைவிடக் கழற்றுவதுதான் ஆபத்து, ஏன்னா அப்போதுதான் கிருமி உடையின் வெளிப்பக்கம் இருக்கும். ஒவ்வொன்றையும் வரிசைப்படி கழற்றணும், முகக்கவசம் கடைசி. கூட ஒருத்தர் நின்று பார்த்துச் சொல்லுவார்.

4. அம்மை கண்ட வீடு

பிரித்து வைப்பது நம்ம ஆளுங்களுக்குப் புதுசு இல்லை. தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால், வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அந்த வேப்பிலையைப் பார்த்து அடுத்த வீட்டார் உள்ளே வர மாட்டார்கள். பிள்ளைக்குத் தனிப் பாய், தனித் தட்டு. ஆனால் பாட்டியோ அம்மாவோ பக்கத்திலேயே இருந்து இளநீர் கொடுப்பார். நோயை மாரியம்மா வந்திருக்கிறாள் என்று மரியாதையாகச் சொன்னார்களே ஒழிய, பிள்ளையை யாரும் அருவருக்கவில்லை.

இதை வைத்து 'வேப்பிலை போதும்'னு சொல்ல முடியாது. பெரியம்மை 1980-இல் உலகத்தை விட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது தடுப்பூசியால். ஆனால் கிருமிக்கு வேலி போட்டு, ஆளுக்குக் கை கொடுக்கும் அந்த மனசு இன்னைக்கும் தேவை. எதிர் அழுத்த அறையில் வேலியை விசிறி பார்த்துக்கொள்ளும். கை கொடுப்பது தாதியும் நாமும்தான்.

5. நாம் செய்யக்கூடியது

• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் கிளினிக்குக்குப் போகணும், கூட்டிக்கொண்டும் போகணும். மலேசியாவில் ஆண்டுக்குச் சுமார் 25,000 பேருக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. வழக்கமான காசநோய்க்கு 6 மாதம் மருந்து. ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோரிடம் சில வாரத்திலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறையும். கல்யாணச் சம்பந்தம் கெட்டுவிடும்னு மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கு.

• வேன் நிறைய ஆட்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க. குடும்பத்தில் ஒருத்தர் மட்டும் டாக்டரிடம் பேசி, மத்தவங்களுக்குச் சொல்லட்டும்.

• உள்ளே இருப்பவருக்குத் தினமும் ஒரு நேரத்தில் வீடியோ கால் போடுங்க. போன் இல்லாத தாத்தா பாட்டி என்றால், தாதியிடம் கேட்டு ஏற்பாடு செய்யுங்க.

• தொற்றால் இறந்தவரின் உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாமல் போகலாம். அதற்காகச் சடங்கு விட்டுப்போச்சுன்னு அந்தக் குடும்பத்தைக் குத்திக் காட்டாதீங்க. கருமாதியைப் பிறகு முறையாகச் செய்யலாம். எரிந்த சாம்பலில் கிருமி உயிரோடு இருக்காது.

• குணமாகி வந்தவர் கோயிலுக்கு வந்தால், பக்கத்தில் உட்காருங்க.

கலந்துரையாட:

1. நம்ம தாமானில் ஒருத்தருக்குக் காசநோய் என்று தெரிந்தால், மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரைப் போடலாமா? போட்டால் அவருக்கு என்ன ஆகும், அடுத்து நோய் வருபவர் என்ன செய்வார்?

2. 'வேலி' எது, 'புறக்கணிப்பு' எது? உங்கள் ஊரில் கோவிட் காலத்தில் பார்த்ததிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

3. வீட்டில் ஒரு டிஷ்யூ தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறை விசிறியைப் போட்டுக் கதவின் அடியில் பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சாயுது? அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.