துளை மாறினால் பந்து ஏன் வேறு மாதிரி வளைகிறது?

பதினொன்றாம் வகுப்பில் நிலைமத் திருப்புத்திறன் நடத்திக்கொண்டிருந்தேன். பவுலிங் விளையாட்டைக் கைப்பேசியில் பார்த்திருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், பழைய ஓட்டையை அடைச்சிட்டு வேற இடத்துல ஓட்டை போட்டா, அதே பந்து வேற மாதிரி வளையுதே, ஏன்?" "எடை மாறியிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அன்றிரவு படித்துப் பார்த்தபோதுதான் என் பதில் சரியில்லை என்று தெரிந்தது.

அமெரிக்காவில் பெரிதும் விளையாடப்படும் இந்த ஆட்டத்தில், 60 அடி தொலைவில் நிற்கும் 10 கட்டைகளைப் பந்தை உருட்டிச் சாய்க்க வேண்டும். பந்தின் எடை 16 பவுண்டு, அதாவது சுமார் 7.26 கிலோ வரை இருக்கலாம். வெளியே முழு உருண்டை. ஆனால் வளைந்து செல்வதற்கென்றே செய்யப்படும் பந்துகளுக்குள் உருண்டையல்லாத, அடர்த்தியான கரு ஒன்று இருக்கும். எனவே எல்லா அச்சுகளைப் பொறுத்தும் அதன் நிலைமத் திருப்புத்திறன் ஒன்றல்ல. கருவின் உச்சி எங்கே என்பதை மேற்பரப்பில் ஒரு வண்ணப் புள்ளி காட்டும்.

விரல் துளைகளின் இடத்தைப் பொறுத்தே, வீசும்போது சுழல் அச்சு அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி அமையும் என்பது முடிவாகிறது. பந்தின் சுற்றளவு சுமார் 27 அங்குலம். கால் சுற்று 6¾ அங்குலம், அதாவது 90 பாகை. அச்சு புள்ளியின் மேலேயே இருந்தாலும், 6¾ அங்குலம் தள்ளி இருந்தாலும் அதிகம் நகராது. இடையில் 3⅜ அங்குலத்தில், 45 பாகையில், மிக அதிகமாக நகரும். தடத்தில் எண்ணெய் பூசியிருப்பார்கள். அச்சு நகர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய பகுதி தரையைத் தொடும். பிடிப்பு கூடும், வளைவும் கூடும். பழைய துளையில் ரெசின் ஊற்றி இறுகவிட்டுப் புதுத் துளை போடுபவர் கருவை நகர்த்துவதில்லை. அச்சைத்தான் இடம் மாற்றுகிறார்.

மறுநாள் "நேற்று நான் சொன்னது தப்பு" என்றே வகுப்பைத் தொடங்கினேன். தெர்மாகோல் உருண்டை ஒன்றில் எதிரெதிரே குழி தோண்டி, இரண்டு இரும்பு நட்டுகளைப் பதித்து, எவர்சில்வர் தட்டில் சுழற்றினோம். முதல் முயற்சி சொதப்பல். நட்டுகள் நேர் எதிரே இல்லை. ஒரு மாணவன் நூலால் சுற்றளவை அளந்து சரிசெய்தான். நட்டுகள் பக்கவாட்டில் இருந்தபோது உருண்டை சீராகச் சுழன்றது. மேலும் கீழுமாக வைத்தபோது ஓரளவு தாக்குப்பிடித்தது. சாய்வாக வைத்துச் சுழற்றியதும் தள்ளாடியது. நிறை அதே நிறைதான்.

"கருவும் முழு உருண்டையா இருந்தா, ஓட்டையை எங்க போட்டாலும் ஒண்ணுதானே சார்?" என்றாள் அதே மாணவி. "ஓட்டையில போன நிறையை விட்டுட்டியே" என்றான் நூல் பிடித்தவன். மணி அடிக்கும்வரை அந்த விவாதம்தான்.