பழைய கணினித் துண்டை அறிவது எப்படி?

ஆப்பிள்-1 கணினியின் துண்டு பதித்த ஐபோன் என்று ரஷ்யாவின் கேவியர் நிறுவனம் 2022-இல் அறிவித்தது. 1976-இல் வந்த அந்தக் கணினி சுமார் 200 தான் உருவானது. அதன் துண்டு இருப்பதாகச் சொன்ன ஒரு பேனாவுக்கு என் மகன் அறுபதாயிரம் ரூபாய் கொடுக்க இருந்தான்.

சில்லின் முதுகில் நான்கு இலக்கம் இருக்கும்; 7624 என்றால் 1976-இன் 24-ஆவது வாரம். அது பொருந்தினாலும் போதாது. ஆப்பிள்-1-இல் இருந்த 6502 சில்லு கமடோர் பெட் கணினியிலும் இருந்ததே! பலகையில் நறுக்கிய துண்டானால் அந்த இலக்கமும் இராது. தண்டவாளத்தின் பக்கவாட்டில் ஆலையின் பெயரும் ஆண்டும் புடைத்திருக்கும். எழுத்து விழாத இடத்தில் ஒரு விரற்கடை வெட்டித் தந்தால், முப்பது வருஷம் லைனில் நடந்த எனக்கே எந்த ஆலை என்று தெரியாது.

"வெட்டுமுன் எடுத்த முழுப் பலகையின் படத்தைக் கேள்" என்றேன். கேட்டான். கடைக்காரர் சான்றிதழின் தங்க முத்திரையைத்தான் காட்டினாராம்.